'ஜே' தட்டினா 'ப' வருது!

தமிழ்99 விசைப்பலகையில் 'ஜே' விசையைத் தட்டினால் 'ப' வரும். விம் எடிட்டரில் அதே 'ஜே'யைத் தட்டினால் கர்சர் ஒரு வரி கீழே இறங்கும். இந்த ரெண்டு பேரும் ஒரே பொட்டியில் குடித்தனம் பண்ணினால்? சண்டைதான், வேறென்ன.

விம்மைத் தொடாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். அதில் எழுதுவதற்கு ஒரு நிலை, கட்டளை கொடுப்பதற்கு ஒரு நிலை. (இன்னும் சில நிலைகள் உண்டு, இந்தக் கதைக்கு ரெண்டு போதும்.) எழுதி முடித்து எஸ்கேப் தட்டினால் கட்டளை நிலை. அங்கே 'டி'யை (டில்லிக்கு வரும் 'டி') ரெண்டு தடவை தட்டினால் ஒரு முழு வரி காலி. ஆனால் பொட்டியில் தமிழ் விசைப்பலகை ஆனில் இருந்தால் அந்த இடத்தில் இருப்பது 'உ'. விம்முக்குப் போய்ச் சேருவது 'உஉ'. அது திருதிருவென்று முழித்துவிட்டு ஒரு 'பீப்' போடும். ஒவ்வொரு தடவையும் எஸ்கேப் தட்டி, ஆங்கிலத்துக்கு மாறி, கட்டளை கொடுத்து, திரும்பத் தமிழுக்கு மாறி... நாலு வரி எழுதுவதற்குள் "நோட்பேடே தெய்வம்" என்று ஓடத் தோன்றும்.

இந்தச் சண்டையைத் தீர்த்து வைத்த ஒரு பையனின் கதை இது. ஊர் திருத்தணி. பெயர் வேண்டாம்.

அவன் ஓடவில்லை. காரணம் எளிமையானது. கல்லூரியில் நிரல் எழுதுவது விம்மில். வீட்டில் தமிழ் எழுதுவதற்கு மட்டும் வேறொரு மென்பொருள் என்றால், வேலைக்கு ஒரு மேஜை, தமிழுக்குத் திண்ணை என்று ஆகிவிடுகிறது. அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தான். யாரோ ஒரு வெளிநாட்டு விம் கில்லாடியின் செட்டிங்ஸ் கோப்பை இறக்கி அப்படியே போட்டுக்கொண்டான். எழுநூறு சொச்சம் வரி, நாற்பது ப்ளகின். திரை கறுப்பாகி, ஓரத்தில் மரம் மாதிரி ஃபோல்டர் பட்டியல் வந்து, கீழே கலர் கலராக ஒரு பட்டை. பார்க்க ஜோராகத்தான் இருந்தது. ஃபைலை சேமிக்கலாம் என்று கன்ட்ரோல்-எஸ் தட்டினான். திரை உறைந்துவிட்டது. எந்த விசைக்கும் அசைவில்லை. பொட்டியே செத்துப்போச்சு என்று பவர் பட்டனை அமுக்கினான்.

உண்மையில் எதுவும் சாகவில்லை. டெர்மினலில் கன்ட்ரோல்-எஸ் என்றால் "கொஞ்சம் நிறுத்து" என்று அர்த்தம், அந்தக் கால டெர்மினல்களிலிருந்து வரும் வழக்கம். கன்ட்ரோல்-க்யூ தட்டினால் திரும்ப ஓடும். அந்த வெளிநாட்டுக்காரர் தன் பொட்டியில் அந்த வழக்கத்தை வேறொரு ஃபைலில் நிறுத்தி வைத்திருந்தார். இவனிடம் வந்தது பாதி செட்டிங்ஸ் மட்டும். மீதி அவர் வீட்டிலேயே இருந்தது.

அடுத்தவர் செட்டிங்ஸில் எப்போதும் இதுதான் சிக்கல். ஒவ்வொரு வரியும் அவருக்கு வந்த ஒரு தொல்லைக்கு அவர் கண்டுபிடித்த மருந்து. வியாதி இல்லாதவன் மருந்தை மட்டும் முழுங்கினால் என்ன ஆகும்?

யோசித்துப் பார்த்தால், நாம் 'டீஃபால்ட்' என்று சொல்வதும் யாரோ ஒருவருடைய செட்டிங்ஸ்தான். விம்முக்குத் தாத்தா 'விஐ' எடிட்டர். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் 1976 வாக்கில் எழுதியது. அவர் உபயோகித்த ஏடிஎம்-3ஏ என்ற டெர்மினலில் தனியாக அம்பு விசைகள் கிடையாது. எச், ஜே, கே, எல் ஆகிய நாலு எழுத்து விசைகளின் மேலேயே அம்புக்குறி அச்சடித்திருந்தது. அதனால்தான் விம்மில் இன்றும் 'ஜே' என்றால் கீழே, 'கே' என்றால் மேலே. அந்த டெர்மினலில் எஸ்கேப் விசை இருந்த இடமும் இப்போது டேப் இருக்கும் இடம், சுண்டுவிரலுக்குப் பக்கத்திலேயே. இன்று மூலைக்கு விரலை நீட்டிக்கொண்டு "எவன்டா இதை வடிவமைச்சான்" என்று திட்டுகிறவர்கள் திட்ட வேண்டியது பில் ஜாயை அல்ல, நகர்ந்துபோன விசையை. :-)

அவருடைய மேஜைக்கு அது கனகச்சிதமாகப் பொருந்தியது. திருத்தணியில் தமிழ் தட்டுகிறவனுடைய மேஜை அவர் கனவிலும் வந்திருக்காது. அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. அந்த மேஜையைப் பற்றி இவனுக்குத்தான் தெரியும், அதற்கேற்ற மாதிரி இவன்தான் எடிட்டரைத் திருத்த வேண்டும்.

எழுநூறு வரியையும் அழித்துவிட்டு வெறும் கோப்பிலிருந்து ஆரம்பித்தான். ஒரே ஒரு விதி: ஒரு தொல்லை நிஜமாக வந்த பிறகுதான் ஒரு வரி சேர்க்க வேண்டும், ஒரு நாளைக்கு ஒரு வரிக்கு மேல் கூடாது. இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று திருத்தணிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். முருகனின் ஐந்தாம் படைவீடான அந்த மலைக்கு 365 படிகள், வருஷத்தின் ஒரு நாளுக்கு ஒரு படி என்று கணக்கு சொல்வார்கள். டிசம்பர் 31ஆம் தேதி படித் திருவிழா அன்று ஒவ்வொரு படியிலும் பூஜை செய்து, திருப்புகழ் பாடிக்கொண்டே கூட்டம் மேலே ஏறும். வண்டி போகிற மலைப்பாதையும் இருக்கிறது, பத்து நிமிஷத்தில் மேலே போய்விடலாம். ஆனால் நடுவில் எந்தப் படி எங்கே உடைந்திருக்கிறது என்பது வண்டியில் போனவருக்குத் தெரியாது.

முதல் படி, 'ஜே' - 'ப' சண்டை. விம்மில் 'கீமேப்' என்று ஒரு வசதி இருக்கிறது. 2001ல் வந்த 6.0 பதிப்பிலிருந்தே உண்டு. விசைப்பலகையை ஆபரேட்டிங் சிஸ்டத்தில் மாற்றுவதற்குப் பதிலாக விம்முக்குள்ளேயே மாற்றுவது. எழுதும் நிலையில் மட்டும்தான் தமிழ் வரும். எஸ்கேப் தட்டிய நொடியில் விசைகள் தானாக ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும், 'டி'டி' என்றால் வரி அழியும். கன்ட்ரோலோடு 6ஐச் சேர்த்துத் தட்டினால் எழுதும்போதே தமிழ், ஆங்கிலம் என்று மாறிக்கொள்ளலாம். விம்மோடு தமிழுக்கு ஒரு கீமேப் கூடவே வருகிறது. ஆனால் அது 'திஸ்கி' குறியேற்றத்துக்கானது. யூனிகோட் பரவுவதற்கு முன்னால் நம்மவர்கள் மடலாடிய காலத்துச் சரக்கு. தமிழ்99 கீமேப்பை அவன் சொந்தமாகவே எழுத உட்கார்ந்தான்.

எழுதுவது கஷ்டமா? இடது பக்கம் விசை, வலது பக்கம் எழுத்து, வரிக்கு ஒன்று. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆக 247 வரி. ஒன்றாம் வகுப்பில் சுவரில் தொங்கிய அதே அட்டை. ரெண்டு ஃபார் லூப் போட்டால் 216ம் தானாக உருவாகிவிடும். கூடவே தமிழ்99ன் அழகான விதிகள்: ஒரே மெய்யை அடுத்தடுத்துத் தட்டினால் முதலாவதுக்குப் புள்ளி தானாக வரும், 'ங'வுக்குப் பின் 'க' தட்டினால் 'ங்க' ஆகிவிடும். இன எழுத்து என்று இலக்கண வகுப்பில் படித்தது விசைப்பலகையில் வேலை செய்கிறது!

ஒரே ஒரு தொல்லை. 'க' என்று மட்டும் தட்டினால் விம் ஒரு விநாடி காத்திருக்கும், அடுத்து உயிரெழுத்து வந்து 'கா' ஆகுமோ, 'கி' ஆகுமோ என்று. காத்திருக்கும் நேரம் வழக்கமாக 1000 மில்லி விநாடி. அடுத்த நாளின் வரி அதற்காக. மெய்யைத் தட்டியதும் உடனே போட்டுவிட வேண்டியது, உயிரைத் தட்டும்போது முந்தைய எழுத்து மெய்யா என்று திரும்பிப் பார்க்க வேண்டியது. மெய் என்றால் உயிர்க்குறி, இல்லையென்றால் முழு உயிர். 216 வரி பன்னிரண்டாகச் சுருங்கியது.

ஈமேக்ஸ்காரர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். அதில் தமிழ் உள்ளிடும் முறைகள் உள்ளேயே இருக்கின்றன. ஆனால் அதிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஈமேக்ஸில் தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டுவதற்காக 2000களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட நிரலில் இருக்கும் பெயர் கவாபாதா தைச்சி. ஜப்பான்காரர். தமிழர் ஒருவருக்கும் தோன்றாமல் இருந்திருக்காது. உட்கார்ந்து எழுதி அனுப்பியவர் அவர், அவ்வளவுதான் வித்தியாசம்.

ரெண்டாவது படி, கர்சர் கணக்கு. 'திருத்தணி' என்று எழுதிவிட்டு கர்சரைக் கடைசி எழுத்தில் நிறுத்தினான். நமக்கு அது ஐந்தாவது எழுத்து: தி, ரு, த், த, ணி. விம் கீழே காட்டிய எண் 22. யூனிகோடில் 'தி' என்பது ஒன்றல்ல, தகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று, ஆக ரெண்டு. அந்தக் கணக்கில் 'திருத்தணி'யில் மொத்தம் 9 இருக்கிறது. யுடிஎஃப்-8ல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 27. 'ணி'க்கு முன்னால் 21 பைட் போய்விட்டதால் விம் 22 என்கிறது. அதன் கணக்கில் தப்பில்லை, எண்ணியது பைட்டை. குறிகளை விட்டுவிட்டு எண்ணவும் விம்மில் ஒரு ஃபங்ஷன் உண்டு. ஸ்டேட்டஸ் வரியில் அதைக் கூப்பிட்டான். 22 போய் 5 வந்தது.

அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு படி. 'கோ' என்று எழுத வேண்டிய இடத்தில் 'கொ' என்று தட்டிவிட்டால், மெய்யை விட்டுவிட்டு குறியை மட்டும் அழிக்க முடிந்தால் நல்லது. விம் வழக்கமாக முழு எழுத்தையும் தூக்கிவிடும். 'டெல்கம்பைன்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதை ஆன் பண்ணினால் குறி மட்டும் போகும், 'க' மிச்சம் இருக்கும். உலகத்தில் முக்கால்வாசிப் பேருக்கு இந்த அமைப்பு இருப்பதே தெரியாது, தேவையும் இல்லை. எந்த வெளிநாட்டுக் கில்லாடியின் எழுநூறு வரியிலும் இது இருக்க நியாயமில்லை. நமக்கோ தினசரி வேலை.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யூனிகோட் வகைப்பாட்டில் ஈகாரக் குறியும் புள்ளியும் இடம் அடைக்காத குறிகள், ஆனால் இகரக் குறி, உகரக் குறி எல்லாம் இடம் அடைக்கும் குறிகள். இதை அப்படியே நம்பும் டெர்மினல்களில் 'கீ' ஒரு கட்டத்திலும் 'கி' ரெண்டு கட்டத்திலும் உட்காரும். எடிட்டர் ஒரு கணக்கும் டெர்மினல் ஒரு கணக்கும் வைத்திருந்தால் கர்சர் ஒரு இடத்திலும் எழுத்து வேறு இடத்திலும் நிற்கும். எடிட்டரில் ஒரு வரி எழுதி இதைத் தீர்க்க முடியாது. டெர்மினலை மாற்றிப் பார்க்கலாம், எழுத்துருவை மாற்றிப் பார்க்கலாம், மிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இனி வருவதுதான் அவன் இத்தனை நாள் மெனக்கெட்டதற்கு நிஜமான காரணம்.

அவன் வீட்டில் பேசுவது தெலுங்கு. படித்தது தமிழ். தெலுங்கு பேச வரும், ஒரு எழுத்து எழுத வராது. அவன் அவ்வா (பாட்டியை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்) 1950களில் பள்ளிக்கூடம் போனவர். அப்போது திருத்தணி தாலுகா ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது, அவர் படித்தது தெலுங்கு எழுத்து. ம.பொ.சி. முதலானவர்கள் நடத்திய வடக்கு எல்லைப் போராட்டங்களுக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. அதற்குப் பிறகு பிறந்தவர்கள் தமிழ் எழுத்து படித்தார்கள். எல்லைக்கோடு ஊருக்கு வெளியே போனது, ஆனால் இந்த வீட்டுக்குள் அவ்வாவுக்கும் பேரனுக்கும் நடுவில் ஒரு கோடு விழுந்துவிட்டது. பேச்சு ஒன்று, எழுத்து வேறு. அவ்வாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. எழுதிக் காட்டலாம் என்றால் பேரனுக்குத் தெலுங்கு எழுதத் தெரியாது, அவ்வாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

திஸ்கி காலமாக இருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். அதில் ஆங்கிலத்துக்கு 128 இடம், தமிழுக்கு 128 இடம், அவ்வளவுதான். ஒரே ஃபைலில் தமிழையும் தெலுங்கையும் வைக்க இடமே கிடையாது. யூனிகோடில் உண்டு. எங்கே என்று பார்க்கப் போனவனுக்கு ஒரு ஆச்சரியம். தமிழின் இடம் 2944ல் தொடங்கி 3071ல் முடிகிறது. தெலுங்கின் இடம் 3072ல் தொடங்குகிறது. நடுவில் ஒரு எண்கூட இடைவெளி இல்லை. திருத்தணியும் நகரியும் மாதிரி பக்கத்துப் பக்கத்து வீடு!

ஆச்சரியம் அதோடு நிற்கவில்லை. ரெண்டு அட்டவணையும் 'இஸ்கி' என்ற இந்தியத் தரத்தைப் பின்பற்றியவை, அதனால் ஒரே அச்சில் வார்த்தவை. தமிழ் 'க' 2965, தெலுங்கு 'க' 3093. வித்தியாசம் 128. 'த'வுக்கும் 128, 'ண'வுக்கும் 128, இகரக் குறிக்கும் 128, புள்ளிக்கும் 128. அதாவது ஒரு தமிழ் வரியை எண்களாக உடைத்து, ஒவ்வொன்றோடும் 128ஐக் கூட்டி, திரும்ப ஒட்டினால் தெலுங்கு எழுத்தில் வந்து நிற்கும். எழுத்தை எண் பட்டியலாக்கும் வசதி விம் 8.2ல் (2019) உள்ளேயே இருக்கிறது. 'திருத்தணி' என்று போட்டுப் பார்த்தான். தெலுங்கில் எழுதும் அதே எழுத்துகள், ஒரு கீறல் இல்லாமல்.

உடனே அவ்வாவுக்கு முதல் வரி: "அவ்வா, பாகுன்னாவா?" (பாட்டி, நல்லாருக்கியா?) லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான்.

"ஏமிரா இது, பல்லு போன வாய் மாதிரி நடுவுல நடுவுல ஓட்டை!" என்றார் அவ்வா (தெலுங்கில்தான்).

ஓட்டைக்குக் காரணம் 'ன'. றன்னகரம் தெலுங்கில் கிடையாது, 128 கூட்டினால் போய் விழுவது காலி இடத்தில். ('ழ'வுக்கும் அதே கதியாக இருந்தது. 2014ல் வந்த யூனிகோட் 7.0ல் பழைய தெலுங்குக்காக அதற்கு இடம் கொடுத்துவிட்டார்கள்.) 'ன' வந்தால் 'ந' ஆக்கு என்று ஒரு வரி. ஓட்டை அடைந்தது.

அடுத்த தொல்லைதான் பெரியது. தமிழில் ஒரே 'க', தெலுங்கில் நாலு. 'பாகுன்னாவா' என்பதில் வரவேண்டியது மென்மையான 'ப'வும் மென்மையான 'க'வும். 128 கூட்டினால் வருவது வல்லென்ற 'ப'வும் 'க'வும்தான். தமிழ் எழுத்தில் அந்த வித்தியாசமே இல்லாதபோது மெஷினுக்கு எப்படித் தெரியும்?

விடை வீட்டுப் பூஜை அலமாரியில் இருந்தது. தமிழில் அச்சடித்த சுலோகப் புத்தகங்களைப் பார்த்திருப்பீர்கள். வடமொழி உச்சரிப்புக்காக க, ச, ட, த, ப எழுத்துகளின் தலையில் பொடியாக 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும். வெறும் 'க' முதல் ஒலி, 2 போட்டால் ரெண்டாவது, 3 போட்டால் 'கணபதி'யின் மென்மையான 'க', 4 நாலாவது. யூனிகோட் அட்டவணையிலும் தெலுங்கின் நாலு 'க'வும் இதே வரிசையில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. ச, ட, த, ப எல்லாவற்றுக்கும் அப்படியே. தமிழ் அட்டவணையில் அந்த இடங்கள், 'ஜ' ஒன்றைத் தவிர, காலியாக விடப்பட்டிருக்கின்றன. ஆகவே எண் 3 என்றால் 128க்கு மேல் இன்னும் 2 கூட்டு. எண் 4 என்றால் 3 கூட்டு. பழைய அச்சுக்கூடத்து வழக்கமும் கம்ப்யூட்டர் அட்டவணையும் சொல்லி வைத்த மாதிரி பொருந்திப் போயின.

எண் உயிர்மெய்க்குப் பின்னால் வருவதால் கொஞ்சம் பின்னால் நடந்து மெய்யைத் தேடிப் பிடிக்க வேண்டும். "பக்கம் 3" என்பதில் இருக்கும் 3ஐத் தொடக்கூடாது, வல்லினத்தோடு ஒட்டி வரும் எண்ணை மட்டும் பார்க்க வேண்டும். தெலுங்கில் 'ந்த', 'ம்ப' மாதிரி இடங்களில் மூக்கொலிக்கு ஒரு சுழி போட்டுவிடுவார்கள், அதற்கு ஒரு விதி. மறுபடியும் அதே இன எழுத்துகள்! எல்லாம் சேர்த்து முப்பது வரிக்குள் ஒரு ப்ளகின். விம் 8லிருந்து (2016) ப்ளகின் போட வேறு கருவி எதுவும் தேவையில்லை, அதற்கான ஃபோல்டரில் கொண்டுபோய் வைத்தால் போதும், தானாக ஏறிக்கொள்ளும்.

"அவ்வா, பா3கு3ன்னாவா?" என்று தட்டி, ஒரு விசையை அமுக்கினான். அவ்வா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். அப்புறம் கேட்டார், "உனக்கு எப்போடா தெலுங்கு எழுத வந்துச்சு?"

வரவில்லை. இன்றும் அவனுக்குத் தெலுங்கு எழுத்து பாதிதான் தெரியும். ஆனால் தினமும் எழுத்து உருமாறுவதைப் பார்த்துப் பார்த்து, 'க' மாதிரி சிலது மனசில் பதிந்துவிட்டன. அவ்வாவும் திரையைப் பார்த்து, "இங்கே சுழி வேணும், இது நீளம்" என்று திருத்துகிறார். ஒவ்வொரு திருத்தமும் ப்ளகினில் ஒரு வரி.

ப்ளகின் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் போடுகிறவர்களுக்கு ரெண்டு விஷயம். ஒன்று, பாதுகாப்பு. ஒரு ஃபைலின் தலையிலோ காலிலோ எடிட்டருக்கான அமைப்பை எழுதி வைக்கும் 'மோட்லைன்' வசதி விம்மில் உண்டு. 2019ல் அதில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. விஷமத்தனமாக எழுதிய ஒரு டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்தாலே அடுத்தவர் கட்டளை நம் பொட்டியில் ஓடும். விம், நியோவிம் ரெண்டிலும் சீக்கிரமே அடைத்துவிட்டார்கள். வெறும் ஒரு அமைப்பே இப்படி என்றால், முன்பின் தெரியாதவர் எழுதிய நாற்பது ப்ளகின்கள்? அவை நம் கோப்புகளை நம் பெயரிலேயே தொடுகிறவை. முப்பது வரி என்றால் உட்கார்ந்து படித்துவிடலாம்.

ரெண்டு, ஆயுசு. 2014ல் கிட்ஹப் கொண்டுவந்த ஆட்டம் எடிட்டரை "உங்கள் இஷ்டத்துக்கு வளைக்கலாம்" என்றுதான் அறிமுகப்படுத்தினார்கள். ஏகப்பட்ட பேர் ஏகப்பட்ட ப்ளகின் எழுதினார்கள். 2022 டிசம்பர் 15ஆம் தேதி அதற்கு மூடுவிழா. வளைத்தது எல்லாம் அதோடு போச்சு. எடிட்டர் போகலாம், ஆனால் "128 கூட்டு, 'ன'வை 'ந' ஆக்கு, எண்ணைப் பார்த்து நகர்த்து" என்ற விதி போகாது. நாளைக்கு விஎஸ் கோடுக்கு மாறினாலும் அதை அரை நாளில் திரும்ப எழுதிக்கொள்ளலாம். நாமே கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த செட்டிங்ஸ் மண்டையில் இருக்கும், இறக்கிப் போட்டது ஹார்ட் டிஸ்கில் மட்டும்தான் இருக்கும்.

விம்மும் ஒரு தனி மனிதரின் தேவையில் பிறந்ததுதான். பிராம் மூலெனார் என்ற நெதர்லாந்துக்காரர் தன் அமிகா கம்ப்யூட்டருக்கு ஒரு நல்ல விஐ இல்லையே என்று ஆரம்பித்து, 1991ல் வெளியிட்டார். காசு கேட்கவில்லை. கொடுக்க நினைப்பவர்கள் உகாண்டாவில் கிபாலே என்ற ஊரின் குழந்தைகளுக்குக் கொடுங்கள் என்றார். 2023 ஆகஸ்ட் 3ஆம் தேதி காலமானார். அதற்கடுத்து 2024 ஜனவரியில் வந்த 9.1 பதிப்பு அவருக்கே சமர்ப்பணம். முப்பது வருஷத்துக்கு மேல் அவர் செய்தது, உலகத்தில் எங்கெங்கோ இருந்து "எனக்கு இந்தத் தொல்லை" என்று வந்தவர்களின் வரிகளைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டே போனது.

அந்தத் திஸ்கி கீமேப்பும் அப்படி யாரோ ஒருவர் அனுப்பித்தான் உள்ளே வந்திருக்கும். திருத்தணிப் பையனின் தமிழ்99 கீமேப்பும் அந்த முப்பது வரி ப்ளகினும் இப்போதைக்கு அவன் லேப்டாப்பில் மட்டும் இருக்கின்றன. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எத்தனை வீட்டில் இதே மாதிரி அவ்வாக்கள், பேரன்கள்! ஓசூரில் இருப்பார்கள். சித்தூரில் தமிழ் பேசி, தெலுங்கு படித்த பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களுக்கு 128ஐக் கழிக்க வேண்டும். நாலு 'க'வை ஒன்றாக்க வேண்டும், அது இன்னும் சுலபம். யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைக்க அவன் தயங்குவதற்குக் காரணம் ஒன்றுதான்: "நிரல் அவ்வளவு அழகா இல்லையே." அழகாக்கிவிட்டு வைக்கலாம் என்றால் அடுத்த படித் திருவிழாவும் வந்துவிடும். வைத்துவிட்டால், அவ்வாவுக்குக் கண்ணில் படாத தப்பு வேறு யாராவது ஒருவர் அவ்வாவின் கண்ணில் படும்.

சரி மக்களே, உங்கள் எடிட்டர் செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். அதில் உங்களுக்கு வந்த தொல்லைக்காக நீங்களே எழுதிய வரி எத்தனை தேறும்? ஒன்றே ஒன்று இருந்தாலும் அதை முதலில் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.